கடைசிப் பத்தி

அத்தியாயம் பதினான்கு

ஆறு நாளாக அக்காவுக்குச் சரியான தூக்கம் இல்லை. போன வெள்ளிக்கிழமை மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு தம்பி போட்ட குண்டு அப்படிப்பட்டது.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்குக்கா. நாலு வருஷமா மாத்திரை சாப்பிடறேன். உடம்புக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன். எப்படி வந்துதுன்னு மட்டும் கேக்காதே."

அவள் கேட்கவில்லை. "அப்பாவுக்கு?" என்றுதான் கேட்டாள்.

"அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை குளத்துக்கு லீவு. அன்னிக்கு உக்கார வச்சு நானே சொல்றேன். என் வாயாலதான் அவர் கேக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி. இன்று வியாழன், காலை ஏழே கால் மணி, அப்பா சாப்பாட்டு மேசையில் பேப்பரை விரித்தாயிற்று.

அப்பா பேப்பரைப் படிக்கிற மனிதர் இல்லை, மேய்கிற மனிதர். முதல் பக்கத் தலைப்பிலிருந்து 'வாடகைக்கு விடப்படும்' வரை ஒரு வரி தப்பாது. அதிலும் இது மகள் வேலை பார்க்கிற பேப்பர். அதில் வந்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவர் கட்சி. முப்பத்திரண்டு வருடம் இந்த ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவர் என்பதால் வேண்டாத ஒரு திறமை வேறு உண்டு. செய்தியில் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தெருவும் வயதும் தொழிலும் இருந்தால் வீட்டு நம்பரையே சொல்லிவிடுவார்.

"மனைவியை அடித்த தையல்காரர் கைது. வயது நாற்பத்து மூன்று. ஆலைத் தெரு," என்று வாசித்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "நாலாம் நம்பர் வீடு. பச்சைக் கதவு. அவன் முழியே சரியில்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"பேர் போடலையேப்பா," என்றாள் அக்கா.

"பேர் எதுக்கும்மா? அதான் மத்ததெல்லாம் போட்டிருக்கீங்களே."

தம்பி சிரித்தபடி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். முப்பத்தோரு வயது. நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். இந்த ஊரில் பத்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேரைத் தண்ணீரில் மிதக்க வைத்தவன் அவன்தான்.

"அட, இதைக் கேளுங்க." அப்பா பக்கத்தைத் திருப்பினார். ஆசிரியருக்குக் கடிதம். "நகராட்சி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் ஒருவருக்கு உயிர்க்கொல்லி நோயான எய்ட்ஸ் இருப்பதாகப் பேச்சு அடிபடுகிறது. உண்மையா? தண்ணீர் வழியே பிள்ளைகளுக்குப் பரவாதா? பொறுப்பில் உள்ளவர்கள் விளக்குவார்களா? இப்படிக்கு, கவலையுள்ள ஒரு தாய்."

தம்பியின் கையில் இருந்த கத்தி ரொட்டியின் மேல் அப்படியே நின்றது.

கடிதப் பகுதியை ஆசிரியர் தன் கையிலேயே வைத்திருக்கிறார். அக்கா கண்ணில் படாமலே இந்தக் கடிதம் அச்சேறியிருந்தது.

"டேய், உங்க குளமாச்சே! யாருடா அது?"

"தெரியலப்பா. யாரோ வேலை இல்லாம எழுதியிருக்காங்க."

"நெருப்பில்லாம... சரி விடு. மொத்தமே மூணு பேர்தானே நீங்க? நீ, அந்தக் குட்டை முடிப் பொண்ணு, அப்புறம் அந்தப் பெரியவர்." அப்பா விரல் விட்டு எண்ணினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெரியவரா? அடப்பாவமே. இந்த வயசுல இது தேவையா அந்த மனுஷனுக்கு? பாத்தா அப்படித் தெரியாது."

"அவர் இல்லப்பா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"அப்போ அந்தப் பொண்ணா?"

"அவளும் இல்ல!" தம்பியின் குரல் சட்டென்று உயர்ந்தது.

மூன்றில் இரண்டு போனால் மீதி என்ன என்பது தபால்காரருக்குத் தெரியாத கணக்கா? அப்பா மகனை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நொடி அக்கா தன் முன்னால் இருந்த டீக் கோப்பையை வேண்டுமென்றே பேப்பர் மேல் தட்டிவிட்டாள்.

"ஐயோ, பாத்தும்மா! இன்னும் நாலு பக்கம் படிக்கலையே!" அப்பா பேப்பரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கேள்வி அத்தோடு போயிற்று. ஆனால் எவ்வளவு நேரத்துக்குப் போயிற்று என்று அவளால் சொல்ல முடியவில்லை.

வாசலில் செருப்பை மாட்டும்போது தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அடுத்து என்ன வரும் உன் பேப்பர்ல?"

"ஒண்ணும் வராது. நகரப் பக்கம் என் கையில இருக்கு. என்னைத் தாண்டி ஒரு வரி போகாது."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் கேக்கறேன். அப்புறம் என்ன எழுதினாலும் எனக்குக் கவலை இல்ல. அப்பா மட்டும் அதைப் பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது."

"நான் இருக்கேன்ல, போ," என்றாள். சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கே நம்பிக்கை இல்லை.

*

கணவனோடு ஒத்துவராமல் எட்டு வருடத்துக்கு முன் ஒரு பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியவள் அக்கா. ஏன் எதற்கு என்று அப்பா ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தார். வீட்டில் இப்படி. அலுவலகத்தில் அவளுக்கு வேறு பெயர். கத்திரி.

பெயரை யார் வைத்தார்கள் என்று தெரியாது, ஆனால் பொருத்தமாக வைத்தார்கள். எவ்வளவு நீளமாக எழுதிக் கொடுத்தாலும் இருக்கிற இடத்துக்குள் அடக்கிவிடுவாள். நிருபர்கள் முக்கியமானதை மேலே எழுதுவார்கள், மற்றதைக் கீழே எழுதுவார்கள். கடைசி நேரத்தில் விளம்பரம் வந்து விழுந்தால் கீழேயிருந்து வெட்டிக்கொண்டே வர வேண்டும். எல்லாப் பேப்பரிலும் இதுதான் வழக்கம். பதினேழு வருடமாக அவள் கீழேயிருந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

மதியம் ஒரு மணிக்கு நகர நிருபர் வந்து அவள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றான். எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும் 'சூடா இருக்கு மேடம்' என்பான். அதனால் அவனுக்குச் சூடு என்றே பெயர்.

"சூடா ஒண்ணு அனுப்பியிருக்கேன் மேடம். பாருங்க."

அவள் கணினியில் திறந்தாள். தலைப்பு முதலில் கண்ணில் அறைந்தது. 'நீச்சல் பயிற்சியாளருக்கு உயிர்க்கொல்லி நோயா? பெற்றோர் பீதி!'

கீழே விவரம். முப்பத்தோரு வயது ஆண் பயிற்சியாளர். தபால் ஊழியரின் மகன். பெரிய மருத்துவமனையில் அந்த நோய்க்கான மாத்திரை தரும் கவுண்டரில் அவரைப் பார்த்ததாக ஒரு பெற்றோர் சொல்கிறார். பிள்ளைகளை இனி அனுப்ப மாட்டோம் என்று முப்பது பேர் குளத்தின் கேட்டில் நிற்கிறார்கள்.

பெயர் இல்லை. பெயருக்கு இனி என்ன வேலை?

சூடு அவள் வீட்டுக்கு வந்ததில்லை, அவளுக்குத் தம்பி உண்டு என்பதும் அவனுக்குத் தெரியாது. அலுவலகத்தில் வீட்டுக் கதை பேசுகிற ஆள் இல்லை அவள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் கேட்டாள்.

"இதுக்கு ஆதாரம் என்ன?"

"காலையில நம்ம பேப்பர்லயே வந்திருக்கே மேடம்."

"அது ஒருத்தங்க கேட்ட கேள்வி. அது எப்படி ஆதாரமாகும்?"

"கேட்ல நிக்கற முப்பது பேர் கையிலயும் நம்ம பேப்பர்தான் இருக்கு. 'பேப்பர்லயே போட்டாச்சு, இனி என்ன ஆதாரம் வேணும்'னு என்னையே கேக்கறாங்க."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஊர் பேசியதைப் பேப்பர் போட்டது. பேப்பர் போட்டதை ஊர் காட்டுகிறது. ஊர் காட்டுவதைப் பேப்பர் மறுபடி போடப்போகிறது. நடுவில் நிற்பவன் விசிலை மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குக் கை வீசக் கற்றுக்கொடுத்தவன்.

"தலைப்புல கேள்விக்குறி போட்டிருக்கேன் மேடம். வழக்கு கிழக்குன்னு யாரும் வர முடியாது," என்றான் சூடு பெருமையாக.

"டாக்டர்கிட்ட பேசினியா?"

"கடைசிப் பத்தியில ரெண்டு வரி சேத்துடறேன். எப்படியும் நீங்க வெட்டப்போறீங்க."

அவன் கேலியாகத்தான் சொன்னான். அக்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. "நானே பேசறேன், நீ போ," என்றாள்.

*

பெரிய மருத்துவமனையில் அந்த நோய்க்கென்று இருக்கும் டாக்டர் போனை எடுத்தார். பேப்பர் பெயரைச் சொன்னதும் ஒரு பெருமூச்சு கேட்டது.

"கேளுங்க. குளத்துத் தண்ணியில பரவுமான்னுதானே?"

"ஆமா டாக்டர்."

"பரவாது. ஒரே தட்டுல சாப்பிட்டாப் பரவாது, கட்டிப் பிடிச்சாப் பரவாது, கொசு கடிச்சாப் பரவாது. ஒழுங்கா மாத்திரை சாப்பிட்டு ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சவங்க, கூட வாழறவங்களுக்குக்கூடப் பரப்ப மாட்டாங்க. கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம். எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன்."

"ஆனா போட மாட்டீங்க."

"ஏன் டாக்டர் அப்படிச் சொல்றீங்க?"

"பதிமூணு வருஷமா இதையே உங்க பேப்பருக்குச் சொல்லிட்டிருக்கேன்மா. ஒவ்வொரு தடவையும் நிருபர் பயபக்தியா எழுதிக்குவார். மறுநாள் வாங்கிப் பார்த்தா 'உயிர்க்கொல்லி' இருக்கும், 'பீதி' இருக்கும், நான் சொன்னது மட்டும் இருக்காது. என் நோயாளிங்க நோயால சாகறது குறைஞ்சு போச்சு. வீட்டை விட்டுத் துரத்தறதுதான் குறையல. உங்க ஆபீஸ்ல யாருக்கு என் மேல அப்படி என்ன கோபம்?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

பிறகு கணினியில் பழைய செய்திகளைத் தேடினாள். நிருபர் அனுப்பியது ஒரு பக்கம், அச்சில் வந்தது மறு பக்கம். பதினொரு செய்திகள் கிடைத்தன. ஒன்பதில் டாக்டர் இருந்தார், எல்லாவற்றிலும் கடைசிப் பத்தியில். 'பழகுவதால் பரவாது என்று மருத்துவர் தெரிவித்தார்.' அச்சில் ஒன்றில்கூட அவர் இல்லை. ஒரு தடவை அந்த இடத்தில் பர்னிச்சர் கடைத் தள்ளுபடி. ஒரு தடவை ஷாம்பு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பக்கத்தை முடித்தவரின் குறியீடு இருந்தது. எல்லாம் அவளுடையது.

யார் மேலும் கோபம் இல்லை. வேண்டுமென்றே செய்ததும் இல்லை. இடம் போதவில்லை, அவ்வளவுதான். 'உயிர்க்கொல்லி' என்ற வார்த்தையையும் அவள்தான் அந்தப் பேப்பரில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தாள், சின்ன இடத்துத் தலைப்பில் பார்க்க எடுப்பாக இருந்ததால். அந்த வார்த்தையைத்தான் இன்று காலை அப்பா மேசையில் வாசித்தார், தம்பி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளுக்கு அவமானமாக இருந்தது. ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

ஒளியவில்லை. செய்தியைத் தலைகீழாகத் திருப்பி எழுதினாள். டாக்டர் மேலே வந்தார். வயது போயிற்று, தபால் ஊழியர் போனார், கவுண்டர் போயிற்று. 'குளத்து நீரில் எச்.ஐ.வி. பரவாது: மருத்துவர் உறுதி' என்று தலைப்பு வைத்தாள். முதல் தடவையாக மேலேயிருந்து வெட்டியிருந்தாள்.

நாலரை மணிக்கு ஆசிரியர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

*

ஆசிரியர் கெட்ட மனிதர் அல்ல. வருடா வருடம் எய்ட்ஸ் தினத்தன்று சட்டையில் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு தானே ஒரு தலையங்கம் எழுதுகிறவர். அவள் திருத்திய பக்கத்தை விரலால் தட்டினார்.

"என்னம்மா இது? இது செய்தியா, சுகாதாரத் துறை நோட்டீஸா?"

"மக்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சார். பரவுமான்னு கேட்டாங்க. பரவாதுன்னு போட்டிருக்கு."

"அவங்க அதையா கேக்கறாங்க? யாருன்னு கேக்கறாங்க. நாம போடலைன்னா நாளைக்கு மாலைப் பேப்பர்காரன் போட்டோவோட போடுவான். சூடு எழுதினதை அப்படியே வச்சுடுங்க. டாக்டர் கீழே வரட்டும்."

"கீழே வந்தா வெட்டுப்படும் சார்."

"இடம் இருந்தா இருக்கட்டும்."

"வேண்டாம் சார். அந்த ஆளோட வாழ்க்கை போயிடும்."

"ஊர்ல எல்லாரோட வாழ்க்கையையும் பாத்துக்கிட்டா பேப்பர் நடத்த முடியுமா? இந்த ஒரு ஆள் மேல மட்டும் உங்களுக்கு என்ன அக்கறை?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சொன்னால் தம்பி வைத்த நம்பிக்கை போகும். சொல்லாவிட்டால் நாளைக் காலை ஏழே காலுக்கு அப்பா பேப்பரை விரிப்பார். ஆசிரியர் பதினேழு வருடப் பழக்கம். மனிதர் புரிந்துகொள்வார் என்று நினைத்தாள்.

"அது என் தம்பி சார்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அடடா," என்றார். உண்மையாகவே வருந்தினார். "ஒரே வீட்டுலயா இருக்கீங்க?"

"ஆமா சார்."

"நீங்க... எதுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கறது நல்லதும்மா."

அவர் கையில் டாக்டர் சொன்னது அச்செழுத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் சொல்கிறார்! பதினேழு வருடமாக அவள் வெட்டி எறிந்தது அவருக்கும்தான் போய்ச் சேரவில்லை.

"சொந்தக்காரங்க சம்பந்தப்பட்ட செய்தியை நம்மாள் தொடக் கூடாது," என்றார் அவர் தரையைப் பார்த்து. "விதி உங்களுக்கே தெரியும். இன்னிக்கு நகரப் பக்கத்தை நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போங்க."

அவள் திரும்பினாள். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கையில் குறிப்பேட்டோடு சூடு அங்கே நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து அவன் தேடிக்கொண்டிருந்த உறுதியை அவளே தன் வாயால் கொடுத்துவிட்டிருந்தாள்.

*

தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. குளத்தில் இருக்கும்போது போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவான். பஸ்ஸில் நின்றுகொண்டே ஏழு தடவை முயன்றாள். நகரப் பக்கம் ஆறு மணிக்கு அச்சுக்குப் போகும். ஐந்தரைக்கு வீட்டுப் படியேறினாள்.

அப்பா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். விளக்குப் போடவில்லை. மடியில் போன் இருந்தது.

"உங்க பேப்பர்லேர்ந்து பேசினாங்கம்மா."

அக்கா தோள்பையைக் கீழே வைத்தாள்.

"ஒரு பையன் பேசினான். ரொம்ப மரியாதையாப் பேசினான். 'உங்க மகனுக்கு எய்ட்ஸ் இருக்கறது உறுதியாயிடுச்சு, அப்பாங்கற முறையில என்ன சொல்றீங்க'ன்னு கேட்டான்." அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். "உண்மையாம்மா?"

"உண்மைப்பா."

"உனக்குத் தெரியுமா?"

"ஆறு நாளாத் தெரியும். ஞாயித்துக்கிழமை அவனே உங்ககிட்ட..."

"நான் ஒண்ணு சொல்லிட்டேன்." அப்பா மடியில் இருந்த போனைப் பார்த்தார். "அப்படி ஒரு நோயை வாங்கிட்டு வந்தவன் எனக்கு மகனே இல்ல, இனிமே வீட்டு வாசப்படி ஏற விட மாட்டேன்னு சொல்லிட்டேன். எழுதிக்கிட்டான்."

அக்கா அப்படியே எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏம்ப்பா இப்படிச் சொன்னீங்க?"

"பயந்துட்டேன்டி! வேற என்ன? தினமும் அவன் தட்டை நான்தானே கழுவறேன். அவன் துண்டுல முகம் துடைக்கறேன். நாம மூணு பேரும் போயிடுவோம்னு நினைச்சேன்."

"ஒட்டாதுப்பா. தட்டுல ஒட்டாது, துண்டுல ஒட்டாது, தண்ணியில ஒட்டாது. மாத்திரை சாப்பிட்டா யாருக்குமே ஒட்டாது. அவன் நம்மளை மாதிரியே இருந்து கிழவனாகிச் சாவான்."

அப்பா அவளையே பார்த்தார். "யார் சொன்னது?"

"டாக்டர்."

"அப்புறம் ஏம்மா பேப்பர்ல வரல? நான் ஒரு வரி விடாமப் படிக்கறவன். இத்தனை வருஷத்துல இதை ஒரு தடவைகூடப் பாக்கலையே?"

"வந்துதுப்பா," என்றாள் அவள். அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதாள். "ஒவ்வொரு தடவையும் வந்துது. நான்தான் வெட்டினேன்."

அப்பாவுக்குப் புரிந்ததா, புரிய நேரம் வேண்டுமா என்று தெரியவில்லை. கதவு திறந்தது. தம்பி உள்ளே வந்தான், தலை இன்னும் ஈரமாக இருந்தது.

"குளத்தை மூடிட்டாங்க," என்றான். விளக்கைப் போட்டான். இருவர் முகத்தையும் பார்த்தான். யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டு கதவோரத்திலேயே நின்றுவிட்டான்.

அப்போது அப்பாவின் மடியில் போன் அடித்தது.

மணி ஐந்து ஐம்பது. அக்காவுக்கு உடனே விளங்கியது. ஒருவர் சொன்னதை அப்படியே போடுவதென்றால் அவருக்கு ஒரு முறை படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவது பேப்பர் வழக்கம். "எடுக்காதீங்கப்பா!" என்று எழுந்தாள். காது மந்தமான அப்பா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். அதற்குள் எடுத்துவிட்டிருந்தார்.

"ஐயா, ஆசிரியர் பேசறேன்," என்றது போன். "நீங்க சொன்னதா இங்க எழுதியிருக்கு. படிக்கறேன், சரியான்னு மட்டும் சொல்லுங்க. 'அப்படி ஒரு நோயை வாங்கி வந்தவன் எனக்கு மகனே இல்லை. இனி வீட்டு வாசற்படி ஏற விடமாட்டேன்.' இதுதானே?"

தம்பி அசையவில்லை. அவன் பார்வை அப்பாவின் மேல் இருந்தது. வாசப்படி ஏறி வந்து, இரண்டடி உள்ளே நின்றுகொண்டிருந்தான்.

அக்கா பலமாகத் தலையாட்டினாள். மகன் இல்லை என்றால் அதுவே அச்சாகும். மகன்தான் என்றால் செய்தி ஊர்ஜிதமாகும். ஒன்றும் சொல்லாதீர்கள், வையுங்கள் என்று கையால் கெஞ்சினாள்.

"ஐயா, லைன்ல இருக்கீங்களா? சரியா?"

"தப்பு," என்றார் அப்பா.

"நீங்க அப்படிச் சொல்லலையா?"

"சொன்னேன். சொன்னது தப்பு. அவன் என் மகன். இப்பத்தான் வேலையிலேர்ந்து வந்து நிக்கறான், இன்னும் சாப்பிடல." அப்பா மூச்சு வாங்கினார். "நான் பயந்து போய் உளறினதுக்குக் காரணம் உங்க பேப்பர். ஒட்டாதுன்னு ஒரு வரி போட்டிருந்தா நான் ஏன்யா என் பிள்ளையை அப்படிச் சொல்லப்போறேன்? எழுதிக்குங்க இதை."

ஆசிரியரின் குரல் வந்தது. அதில் சற்று முன்பிருந்த உறுதி இல்லை.

"போடறேன் ஐயா. டாக்டர் சொன்னதையும் மேலேயே போடறேன். ஆனா பாதியை மறைச்சு இதைப் போட முடியாது. முழுசாப் போடணும். உங்க மகன் பேரைப் போடலாமா? பத்து நிமிஷத்துல பக்கம் போகணும்."

அப்பா எழுந்து போய்ப் போனை மகனிடம் நீட்டினார்.

"அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லடா. நீ சொல்லு."

தம்பி போனை வாங்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். எந்தச் செய்தியில் எது இருக்கலாம், எது போகலாம் என்று பதினேழு வருடமாக முடிவு செய்தவள் அவள். இப்போது அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.